புதிதாக வாங்கிய வீட்டில் மறைந்திருக்கும் பூஞ்சணத்தைக் கண்டுபிடித்துக் களைவது எப்படி?

வீட்டை வாங்கிச் சாவி கைக்கு வந்த முதல் வாரத்தில், "பூட்டியே கிடந்த வீடு, அதனால்தான் கொஞ்சம் வாடை அடிக்கிறது" என்று பலரும் சொல்வார்கள். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். சன்னல்களை இரண்டு நாள் திறந்து வைத்தால் வாடை போய்விடும், பிறகு வராது. ஆனால் திறந்து வைத்தபோது போன வாடை, ஓர் இரவு மூடி வைத்ததும் காலையில் அதே அறையில், அதே மூலையில் மீண்டும் மூக்கில் ஏறினால், அதற்குப் பூட்டிக் கிடந்ததைக் காரணமாகச் சொல்ல முடியாது. சுவருக்குப் பின்னாலோ தரைக்கு அடியிலோ ஏதோ ஓர் இடம் ஈரமாக இருக்கிறது, அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே தேடலைத் தொடங்க வேண்டும்.

புதிதாக வீடு வாங்கியவருக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. பல ஆண்டுகள் குடியிருந்த வீட்டில் எந்தக் குழாய் எப்போது உடைந்தது, எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகியது என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. வாங்கிய வீட்டின் பழைய கதை நமக்குத் தெரியாது. விற்பதற்கு முன் அடித்த புதுப் பெயின்ட் அதை இன்னும் நன்றாக மூடிவிடுகிறது. விற்றவர் மறைப்பதற்காகவே அடித்தார் என்று எண்ண வேண்டியதில்லை, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், அந்தக் கதையைச் சுவர்களிடமிருந்துதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஏற்ற காலம், வீட்டுச் சாமான்கள் உள்ளே வருவதற்கு முந்தைய சில நாள்கள்தாம். அறைகள் வெறுமையாக இருக்கும்போது எல்லாச் சுவரின் அடியும் கண்ணுக்குத் தெரியும். கட்டிலும் பீரோவும் வந்து நின்ற பிறகு அந்த வாய்ப்பு கிடைக்காது. குடிபோகும் நாளை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமானால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள்.

தேட வேண்டியது தண்ணீரை

பூஞ்சணத்தின் வித்துகள் இல்லாத வீடு உலகில் எங்கும் இல்லை. பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் வரை மட்டுமே அளவுள்ள அந்த வித்துகள் வெளிக்காற்றோடு வந்து எல்லா இடத்திலும் படிகின்றன. அவற்றுக்கு உணவாக மரம், காகிதம், ஜிப்சம் பலகையின் மேலட்டை, துணி, ஏன், சுவரில் படிந்த தூசியே போதும். மனிதர் வாழத் தகுந்த வெப்பநிலை அவற்றுக்கும் தகுந்ததே. ஆகவே வித்தையும் உணவையும் வெப்பத்தையும் நம்மால் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியது தண்ணீர் ஒன்றைத்தான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிப்பதில்லை. பிடித்திருக்கிறது என்றால், அந்த இடத்துக்கு விட்டு விட்டோ தொடர்ந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, அல்லது ஒரு காலத்தில் வந்த தண்ணீர் உலர வழியில்லாமல் உள்ளே அடைபட்டுக் கிடந்தது என்று பொருள். கறுப்புத் திட்டைத் துடைத்துவிட்டுத் தண்ணீரின் வழியை விட்டுவிடுபவர்கள் அதே வேலையை அடுத்த ஆண்டும் செய்கிறார்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் நான்கு வழிகளில் வருகிறது: குழாய் வழியாக, மழையாக, நிலத்திலிருந்து, காற்றிலிருந்து. எந்த வழி என்பதைக் கண்டுபிடிக்க, ஈரம் எங்கே இருக்கிறது என்பதைவிட எப்போது கூடுகிறது என்று கவனிப்பது அதிகம் உதவும். எந்நாளும் ஒரே அளவில் ஈரமாக இருக்கும் இடத்தில், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயை முதலில் சந்தேகிக்க வேண்டும். குளித்த பிறகோ துணி துவைத்த பிறகோ ஈரம் கூடினால் கழிவுநீர்க் குழாயையும் டைல்ஸ் இடுக்கையும் பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் கூடினால் கூரை, மாடித் தளம், கைப்பிடிச் சுவர், சன்னல் விளிம்பு, வெளிச்சுவர் விரிசல் ஆகியவற்றில் ஒன்று காரணம். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை பட்டையாக ஓதம் ஏறி, அதன் மேல் விளிம்பில் உப்புப் பூத்திருந்தால், நிலத்து ஈரத்தைச் சுவர் உறிஞ்சுகிறது.

நான்காவதான காற்றின் ஈரத்தைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள், ஏனென்றால் அங்கே எதுவும் ஒழுகுவதில்லை. ஓர் அறையின் நடுவில் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சாதாரண அளவே. அதே காற்று, குளிர்ந்த வெளிச்சுவரின் மீதோ ஏசி ஓடும் பக்கத்து அறையின் சுவர் மீதோ பட்டு 20 டிகிரிக்கு இறங்கும்போது, அந்தச் சுவரை ஒட்டிய இடத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. பூஞ்சணம் வளர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை, அந்த 80 சதவீதம் பல நாள் நீடித்தாலே போதும். வெளிச்சுவரோடு ஒட்டி நிறுத்திய பீரோவின் பின்புறம் பூஞ்சணம் பூப்பதற்குக் காரணம் இதுதான்: அங்கே காற்று ஓடாது, சுவர் சூடேறாது.

மூக்கும் கண்ணும் விரலும்

தேடலின் முதல் கருவி மூக்கு. மாலையில் எல்லாச் சன்னல்களையும் கதவுகளையும் சாத்தி, ஏசியையும் மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டு, வாசனைத் திரவியம் எதையும் தெளிக்காமல் வீட்டை விட்டு வெளியேறுங்கள். காலையில் வெளிக்காற்றில் சிறிது நேரம் நின்றுவிட்டு ஒவ்வோர் அறையாக நுழைந்து பாருங்கள். முதல் சில மூச்சுகளில் தெரிவதே சரியான செய்தி. பத்து நிமிடத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். ஆகவே ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெளியே வந்து நில்லுங்கள். வீட்டில் வசிக்காத ஒருவரை அழைத்துவந்து கேட்பது இன்னும் நல்லது. மண் வாடை, மக்கிய காகிதத்தின் வாடை, ஈரத்துணி மூட்டையின் வாடை என்று அவர் எப்படிச் சொன்னாலும் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பலகைகளின் துளைகள், அலமாரியின் உட்புறம், குளியல் தொட்டியின் பக்கத் திறப்பு, மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை, ஃபால்ஸ் சீலிங்கின் விளக்குத் துளை ஆகிய இடங்களில் மூக்கை அருகில் வைத்துப் பாருங்கள்; சுவருக்குள் இருக்கும் காற்று அந்த வழிகளில்தான் வெளியே வருகிறது.

அடுத்தது கண். மேல்விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து ஒளியைப் பாய்ச்சுங்கள். நேர் ஒளியில் சமமாகத் தெரிந்த சுவரில் ஊதலும் பொருக்கும் ஒட்டுப்போட்ட பட்டியும் நிழலோடு தெரியும். ஒரு வீடு முழுவதும் பழைய பெயின்டாக இருந்து, ஒரே ஒரு சுவரோ கூரையின் ஒரு சதுரமோ மட்டும் புதிதாக இருந்தால், அங்கே அடையாளம் வையுங்கள். தரைவிளிம்புப் பலகையின் ஆணித்தலைகள் துருவேறியிருக்கின்றனவா, பலகை சுவரை விட்டு விலகியிருக்கிறதா, மரத்தரையின் ஓரம் மேடு தட்டியிருக்கிறதா என்று முழங்காலிட்டுப் பாருங்கள். சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனால், பூச்சு செங்கல்லை விட்டுப் பெயர்ந்த இடத்தில் ஓசை மாறுவது காதுக்கே கேட்கும்.

நாங்கள் வாங்கிய வீட்டில் கண்ணில் பட்ட ஒரே தடயம் ஒரு காகிதம். படுக்கையறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில் முன்பு இருந்தவர்கள் விரித்திருந்த காகிதத்தை எடுக்கப் போனபோது, அது பலகையோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. தொட்டுப் பார்த்தால் ஈரம் இல்லை. ஆனால் பின்விளிம்பில் பிளைவுட் ஊதி, புத்தகத்தின் பக்கங்களைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. பின்பலகையின் நான்கு திருகாணிகளைக் கழற்றி ஓர் அங்குலம் முன்னால் இழுத்ததும் அடித்த வாடையில் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. முழங்கால் உயரம் வரை சுவரில் கருஞ்சாம்பல் வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வெல்வெட்டுத் துணி விரித்தது போல இருந்தன. சுவரின் மறுபக்கம் குளியலறை. குழாய் சுவருக்குள் நுழையும் இணைப்பில் கசிந்த நீர், டைல்ஸுக்குப் பின்னால் ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அலமாரியின் முன்பக்கத்துக்கு மட்டும் புத்தம்புதிய பெயின்ட் அடித்திருந்தார்கள். அன்று முதல், யார் வீடு வாங்கினாலும் குளியலறைச் சுவரின் மறுபக்கத்தை முதலில் பாருங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சணம் ஆகாது. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து உலரும்போது வெள்ளைப் பொடியாகப் படிகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்துவிடும், பூஞ்சணம் கரையாது. உப்பு என்று தெரிந்ததும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம், சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அதுவும் சாட்சியே. நிறத்தைப் பார்த்து இது நச்சுப் பூஞ்சணம், இது சாதாரணமானது என்று பிரிக்கவும் முடியாது. கறுப்பாக இருப்பதெல்லாம் பலர் அஞ்சும் ஸ்டாக்கிபாட்ரிஸ் இல்லை. கிளாடோஸ்போரியம் போன்ற வேறு பல வகைகளும் கருநிறமாகவே தெரியும். எந்த வகையாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

தண்ணீரின் வழியை உறுதிசெய்யும் சோதனைகள்

குழாய்க் கசிவைச் சோதிப்பது எளிது. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்து, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் பயன்படுத்தாமல் இருந்து மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீட்டில், தொட்டிக்குள் வரும் நீரை நிறுத்திவிட்டு நீர்மட்டத்தில் அடையாளமிட்டு இதையே செய்யலாம்.

குளியலறைத் தரையைச் சந்தேகித்தால், வடிகாலின் வாயை இறுக அடைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு முழு நாள் விட்டு வையுங்கள். மட்டம் குறிப்பிடத்தக்க அளவு இறங்கினாலோ கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ காரணம் தரையில் இருக்கிறது. இறங்கவில்லை என்றால் சுவர் டைல்ஸ் இடுக்கையும் சுவருக்குள் போகும் குழாயையும் பார்க்க வேண்டும். மழைக் கசிவுக்கு, ஒருவர் வெளியே நின்று ரப்பர் குழாயால் சுவரின் அடியில் தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் பாய்ச்ச, மற்றொருவர் உள்ளே நின்று கவனிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எந்த விரிசல் குற்றவாளி என்று தெரியாமலே போகும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்ற ஐயத்தைத் தீர்க்கக் கனமான பாலித்தீன் தாள் ஒன்று போதும். ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, சந்தேகப்படும் சுவரிலோ தரையிலோ நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டி, ஓர் இரவும் பகலும் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் கோத்திருந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது.

இவற்றோடு இரண்டு கருவிகளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு ஈரப்பதமானி. மற்றொன்று, சுவருக்குள்ளும் மரத்துக்குள்ளும் உள்ள ஈரத்தைக் காட்டும் ஈரமானி. மரத்தில் 15 சதவீத அளவு பாதுகாப்பானது. 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணமும் உளுப்பும் வரக்கூடிய நிலை. செங்கல் சுவரிலும் பூச்சிலும் அதே எண்ணை அப்படியே நம்பக் கூடாது. உப்பும், சுவருக்குள் ஓடும் கம்பியும் அளவைக் கூட்டிக் காட்டும். ஐயமில்லாமல் உலர்ந்த ஒரு சுவரில் முதலில் அளந்து, அதனோடு மற்றச் சுவர்களை ஒப்பிடுவதுதான் முறை. அளந்த இடங்களில் பென்சிலால் எண்ணிட்டு, ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்; இந்த நோட்டு கடைசி வரை தேவைப்படும். வெப்பக் கேமராவைக் கொண்டுவந்து பூஞ்சணத்தைக் காட்டுவதாகச் சிலர் சொல்வார்கள். அது காட்டுவது வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே. குளிர்ந்து தெரியும் இடத்தை ஈரமானியால் அளந்த பிறகுதான் அங்கே ஈரம் இருக்கிறது என்று சொல்ல முடியும்.

ஆய்வகச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அது எந்த இனம் என்று மாதிரி எடுத்து அனுப்புவது பெரும்பாலும் வீண் செலவு. காற்றில் இத்தனை வித்துகள் வரை இருக்கலாம் என்ற பாதுகாப்பு அளவு எதுவும் வரையறுக்கப்படவில்லை. உலக சுகாதார அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அப்படி ஓர் எண்ணைத் தர முடியாது என்று சொல்லி, ஈரத்தையும் பூஞ்சணத்தையும் வராமல் தடுப்பதையே வலியுறுத்துகிறது. அந்தப் பணத்தைக் கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் செலவழிக்கலாம்.

சுவரைத் திறப்பதற்கு முன்

வாடையும் ஈர அளவும் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டினால் அந்த இடத்தைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன், காணும் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். விற்றவரிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால், இடிப்பதற்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் தரப்பில் ஒருவர் வந்து பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். திடீரென்று உடைந்த குழாயால் வந்த சேதத்தை ஏற்கும் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள், நெடுநாள் கசிவால் வந்ததை ஏற்பதில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒப்பந்தத்தின் அந்தப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள்.

யார் செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். பாதிப்பு மொத்தம் 10 சதுர அடிக்குள், அதாவது ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடி இருந்தால் வீட்டுக்காரரே செய்யலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அளவுகோல் சொல்கிறது. எங்கும் பின்பற்றத் தகுந்த அளவு அது. அதற்கு மேல் பரவியிருந்தாலும், சாக்கடை நீர் கலந்திருந்தாலும், ஏசியின் காற்றுக் குழாய்களுக்குள் பிடித்திருந்தாலும் இத்தொழில் தெரிந்தவர்களை அழைக்க வேண்டும். பூஞ்சணம் இருக்கிறதா என்று ஆராய்பவரும் அதை அகற்றிப் பணம் பெறுபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது. வேலையைப் பெரிதாக்கிச் சொல்ல ஆராய்பவருக்குக் காரணம் இருக்கக் கூடாது.

வீட்டில் ஆஸ்துமா, நுரையீரல் நோய், ஒவ்வாமை உள்ளவர்களோ நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களோ இருந்தால், அவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வேலை முடியும் வரை அந்த வீட்டில் தங்கவும் கூடாது. குழந்தைகளையும் வெளியே வைத்திருங்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, மூக்கடைப்பு, ஆஸ்துமா மோசமடைதல் ஆகியவை கூடுதலாக வருகின்றன என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற வகைகள் நுரையீரலிலேயே தொற்றாகப் பற்றக்கூடும். குடிவந்த பிறகு தொடங்கிய இருமல், வெளியூர் சென்றால் அடங்கி, திரும்பியதும் தொடருமானால், அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

பழைய வீடாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: பழைய பெயின்டில் ஈயமும், பழைய கூரைத் தகடு, தரை ஓடு, குழாய் உறை ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அவற்றை உறுதிசெய்யாமல் உரசவோ உடைக்கவோ கூடாது, அவற்றின் தூசி பூஞ்சணத்தைவிடக் கொடியது.

திறப்பதும் அகற்றுவதும்

முதலில் அந்தச் சுவருக்கு வரும் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். என்95 வகை முகக்கவசம், காற்றுத் துளையில்லாத கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஆகிய மூன்றும் கட்டாயம். பஞ்சு போன்ற சாதாரண முகமூடி வித்துகளைத் தடுக்காது. எடுத்த எடுப்பில் சுவரைப் பெயர்க்காமல், பலகைச் சுவராக இருந்தால் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளையிட்டு, கைபேசியில் பொருத்தும் குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்கலாம். எதுவும் இல்லை என்றால் துளையை அடைப்பது ஐந்து நிமிட வேலை. இருந்தால் உடனே நாடாவால் மூடிவிட்டு அறையைத் தயார் செய்யுங்கள்.

அறையைத் தயார் செய்வது என்றால், அந்த அறையை வீட்டின் மற்றப் பகுதியிலிருந்து பிரிப்பது. பூஞ்சணம் பிடித்த பலகையை உடைக்கும்போது எழும் வித்துகள், அதுவரை அங்கே அடைந்து கிடந்ததைவிடப் பல மடங்கு. மைய ஏசியை நிறுத்தி, அந்த அறையின் காற்றுத் துளைகளை பாலித்தீனால் மூடி ஒட்டுங்கள். வாசலில் கனமான பாலித்தீன் திரை கட்டி, சன்னலில் ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் காற்றைத் தள்ளும்படி வைத்து, அதைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிடுங்கள். விசிறி ஓடும்போது வாசல் திரை அறைக்குள் குழிந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் வீட்டுக் காற்று அறைக்குள் போகிறது, அறைக் காற்று வீட்டுக்குள் வரவில்லை என்று பொருள். திரை வெளிப்பக்கம் புடைத்தால் வேலையைத் தொடங்காதீர்கள். சுவரை உலர்த்துகிறோம் என்று பூஞ்சணத்தின் மீதே மின்விசிறியைத் திருப்பிவிடுவது பலரும் செய்யும் தவறு. அகற்றி முடிக்கும் வரை அது கூடவே கூடாது.

தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகுதான் அகற்றும் வேலை. ஜிப்சம் பலகை, கம்பளம், அதன் அடிவிரிப்பு, பஞ்சுக் காப்பு, ஃபால்ஸ் சீலிங் தகடு, ஊதிய பிளைவுட் போன்ற துளையுள்ள பொருள்களைக் கழுவிக் காப்பாற்ற முயலாதீர்கள். பூஞ்சணத்தின் இழைகள் அவற்றின் உள்ளே ஊடுருவி இருக்கும். கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஓர் அடி முதல் இரண்டடி வரை சேர்த்து வெட்டி எடுத்து, அங்கேயே தடித்த பையில் இட்டு வாயைக் கட்டி, பையின் வெளிப்புறத்தைத் துடைத்த பிறகே வெளியே கொண்டுபோக வேண்டும். சுவர்த்தாளை உரிப்பதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி பறக்காது.

செங்கல், கான்கிரீட், உலோகம், கண்ணாடி, டைல்ஸ் ஆகியவற்றைச் சோப்பு நீரால் பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து உலர்த்தினால் போதும். பொரிந்த பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுக்க வேண்டும். உறுதியாக இருக்கும் மரச்சட்டங்களை, ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்வம் கிளீனரால் உறிஞ்சி, உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேய்த்து, மறுபடி உறிஞ்சித் துடைக்கலாம். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். சாதாரண வேக்வம் கிளீனர் ஒரு பக்கம் உறிஞ்சிய வித்துகளை மறுபக்கம் அறைக்குள்ளேயே ஊதிவிடும், ஆகவே அதைத் தொடவே கூடாது.

பிளீச் ஊற்றினால் போதும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. டைல்ஸ் போன்ற வழுவழுப்பான பரப்பில் அது கறையை வெளுக்கும். மரத்திலும் பூச்சிலும் அதன் குளோரின் மேலேயே நின்றுவிட, அதில் உள்ள தண்ணீர் உள்ளே இறங்கி ஈரத்தைக் கூட்டுகிறது. நிறம் போனதால் வேலை முடிந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். பிளீச்சை அம்மோனியா உள்ள திரவத்தோடும் கழிப்பறை கழுவும் அமிலத்தோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், எழும் வாயு உயிருக்கே ஆபத்து. ஓசோன் இயந்திரங்களையும் தவிர்த்துவிடுங்கள். பூஞ்சணத்தை அடக்கும் அளவுக்கு ஓசோனை நிரப்பினால் அது மனித நுரையீரலையும் பாதிக்கும்.

மூடுவதற்கு அவசரம் வேண்டாம்

அகற்றி முடித்ததும் சுவர் திறந்தபடி அசிங்கமாக நிற்கும். பெயின்டரை வரச்சொல்லிவிட வேண்டும் என்று கை துடிக்கும். எல்லா உழைப்பும் வீணாவது இந்தக் கட்டத்தில்தான். ஈரச் சுவருக்கு மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால், ஈரத்தை நாமே உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். செங்கல் சுவர் முழுவதும் உலர வாரங்கள் ஆகும், தடித்த சுவருக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். இப்போது மின்விசிறியைத் தாராளமாக ஓட்டலாம். வெளிக்காற்று உலர்ந்திருந்தால் சன்னலைத் திறந்து வையுங்கள், ஈரக்காற்றாக இருந்தால் சன்னலைச் சாத்திவிட்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரை ஓட்டுங்கள். நோட்டில் எழுதிய அதே இடங்களை மூன்று நாளைக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அளவு உலர்ந்த சுவரின் அளவுக்கு இறங்கி, அங்கேயே ஒரு வாரம் நிலைத்து நின்று, மூடிய அறையில் காலையில் வாடையும் இல்லை என்றால்தான் மூடலாம். மரச்சட்டம் 15 சதவீதத்துக்கு அருகில் வராமல் அதன் மேல் பலகை அடிக்கக் கூடாது. ஓதம் ஏறிய வரலாறு உள்ள சுவருக்கு, ஆவியை வெளியே விடும் சுண்ணாம்பு வகைப் பூச்சும் பெயின்டும் ஏற்றவை. எண்ணெய்ப் பெயின்டும் பிளாஸ்டிக் சுவர்த்தாளும் அங்கே வேண்டாம். பூஞ்சணத் தடுப்பு பெயின்ட் என்று விற்கப்படுவது உலர்ந்த, தூய்மையான சுவருக்கு ஒரு கூடுதல் துணை மட்டுமே. பூஞ்சணத்தின் மேலேயே அடித்தால் உரிந்து விழும்.

குழாய்க் கசிவை அடைத்தாகிவிட்டாலும் மற்ற மூன்று வழிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து வெளிப்பக்கமாக முதல் பத்தடிக்கு அரையடியாவது வாட்டமாக இறங்க வேண்டும். மழைநீர்க் குழாயின் வாய் சுவரடியில் கொட்டக் கூடாது. குளியலறையின் காற்றுப்போக்கி வெளியேற்றும் ஆவி, கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் போய் நிற்காமல் வீட்டுக்கு வெளியே போகிறதா என்று ஏணி வைத்துப் பாருங்கள், வாங்கிய வீடுகளில் அடிக்கடி காணும் குறை இது. ஏசியின் நீர்த்தட்டையும் வடிகுழாயையும் சுத்தம் செய்யுங்கள். அறையின் ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்க முயலுங்கள்; அது இயலாத காலங்களிலும் 60 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள்.

மூடிய பிறகு முதல் பெருமழை ஓய்ந்த மறுநாளும், மூன்று மாதம் கழித்தும், ஓராண்டு நிறைவிலும் அதே பென்சில் அடையாளங்களில் அளந்து அதே நோட்டில் எழுதுங்கள். எங்கே குழாய் மாற்றினோம், எந்தச் சுவரைத் திறந்தோம், எப்போது மூடினோம் என்ற குறிப்பையும் படங்களையும் அதோடு சேர்த்து வீட்டுப் பத்திரங்களுடன் வையுங்கள். நமக்கு முன்பு இருந்தவர்கள் விட்டுச்செல்லாத அந்த விவரம், நமக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருபவர்களுக்குக் கிடைக்கட்டும்.